கான் தாண்டும் கால்

நாற்பத்து மூன்று அடி தள்ளி நிற்கும் ஒருத்தி உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, கையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விட்டால் நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்? கையையா, சிரிப்பையா? இரண்டும் வேண்டாம். காலைப் பாருங்கள். நான் வருஷக்கணக்காகக் கையையும் சிரிப்பையும் பார்த்து வயிறு எரிந்தவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். எங்கள் பக்கத்தில் ‘சொஃப்ட்போல்’ என்று வாயைத் திறந்தால் ஆட்டோக்காரரிலிருந்து கோயில் பூசாரி வரை எல்லாரும் மென்பந்துக் கிரிக்கெட் என்றுதான் நினைப்பார்கள். “ஓ, நீங்களும் கிரிக்கெட்டா?” என்பார்கள். இல்லை ஐயா. இது வேறு. உருண்டை மட்டை, தோடம்பழத்தைவிடப் பெரிய மஞ்சள் பந்து, நாலு மூலையையும் சுற்றி ஓட வேண்டும். பெயரில்தான் மென்மை. முட்டியில் ஒரு தடவை வாங்கினால் தெரியும் மென்மை.

நாங்கள் படித்த தோட்டப் பாடசாலைக்கு இது வந்ததற்குக் காரணம் எங்கள் விளையாட்டு ஆசிரியர், எங்கள் சேர். மாற்றலாகி வரும்போது ஒரு பழைய சாக்குப் பையில் நாலைந்து கையுறையும் இரண்டு மட்டையும் கொண்டு வந்தார். கிரிக்கெட் ஆடும் பையன்கள் பாடசாலை மைதானத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மைதானம் என்பதே பெரிய வார்த்தை. ஒரு பக்கம் சரிந்து கிடக்கும் புல்தரை. ஆகவே பெண் பிள்ளைகளைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்துக்குக் கூட்டிப்போனார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம் அது. எங்கள் மலையில் மட்டமான தரை என்று இருப்பது அது ஒன்றுதான்.

அந்தச் சிரிப்புக்காரி எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பராக்காரி. இடையில் ஒரே சுவர். அவர்கள் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம். ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே தலைப்பேன். சேர் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துப் பந்து வீசச் சொன்ன முதல் நாளே அவள் பந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் தகரச் சுவரில் போய் அடித்த சத்தத்தில், உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த தோட்ட அதிகாரி கண்டாக்கையா வெளியே ஓடி வந்தார். என் பந்து உருண்டு போனது. அன்றே முடிவாகிவிட்டது. அவள் வீசுவாள், நான் அடிப்பேன்.

நியாயமான ஏற்பாடு மாதிரித்தான் தெரியும். இல்லை. எங்கள் களத்தில் ஒரு சட்டம் இருந்தது: அடித்தவள்தான் பந்தைப் பொறுக்க வேண்டும். களத்தைத் தாண்டினால் தேயிலை. நான் நன்றாக அடித்தால் எனக்குக் கிடைக்கும் பரிசு, முழங்கால் உயரத் தேயிலைக்குள் இறங்கி, அட்டை ஏற ஏற, மஞ்சள் பந்தைத் தேடுவது. அவள் மேலே நின்று தலைமுடியைச் சரிசெய்வாள். “இன்னும் கொஞ்சம் கீழ, இன்னும் கொஞ்சம் கீழ, ஐயோ அங்க பாம்பு இருக்கும்டி” என்று கத்துவாள். நான் அடிக்காமல் விட்டால் பந்து தகரத்தில் பட்டு அதுவாகவே அவளிடம் உருண்டு போகும். யோசித்துப் பாருங்கள். அவள் ஜெயித்தால் பந்து அவளிடம் நடந்து வருகிறது. நான் ஜெயித்தால் நான் அட்டை பிடுங்க வேண்டும்.

இப்போது கால் விஷயத்துக்கு வருகிறேன்.

சேர் கயிறு பிடித்து நாற்பத்து மூன்று அடி அளந்தபோது கயிற்றின் முனை போய் விழுந்தது களத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் மழைத்தண்ணீர்க் கானின் விளிம்பில். அங்கேதான் பழைய டயரில் வெட்டிய ஒரு துண்டைப் பதித்தார். வீசுகிறவள் கால் வைக்க வேண்டிய தட்டு அது. விதிப்படி வீசுகிறவள் ஒரு காலைத் தட்டில் வைத்து, மற்றக் காலால் ஓர் எட்டு முன்னே வைக்க வேண்டும். தட்டில் இருந்த கால் தரையை உரசிக்கொண்டே பின்னால் வர வேண்டும். எங்கள் களத்தில் அந்தக் காலை உரசினால் அது நேரே கானுக்குள் போகும். கானுக்குள் என்னவெல்லாம் ஓடியது என்று சொல்லலாம்தான்; சாப்பிடும் நேரத்தில் படிக்கிறவர்கள் யாராவது இருக்கலாம், விடுகிறேன்.

அவள் என்ன செய்தாள்? எகிறினாள். முன் கால் கானைத் தாண்டி விழும், பின் காலும் கூடவே தாண்டி அந்தப் பக்கத்தில் ‘டக்’ என்று ஊன்றும், அங்கிருந்து மறுபடி ஒரு தள்ளுத் தள்ளிப் பந்தை விடுவாள். நாற்பத்து மூன்று அடி என்பது அங்கேயே காணாமல் போய்விடும். வெறும் பேச்சுக்குத்தான் அந்தத் தூரம். சேர் பார்த்தார், சிரித்தார், விட்டுவிட்டார். கானுக்கு யார் என்ன சொல்ல முடியும்?

பிரச்சினை என்னவென்றால், அட்டன் டவுனில் மட்டமான மைதானத்தில் ஆடும்போதும் அவள் அந்தக் கானைத் தாண்டினாள். அங்கே கானே கிடையாது. அவள் காலுக்குள் இருந்தது கான்.

அதை யாரும் கவனிக்கவில்லை. எங்கள் பக்கத்து ஆட்டங்களுக்கு அம்பயராக வருகிறவர்கள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஆசிரியர்கள். அவர்களுடைய கண் முழங்கையைத்தான் பார்க்கும். முழங்கை சுத்தமாக இருந்தது. மற்றப் பாடசாலைப் பிள்ளைகள் மட்டையைத் தூக்குவதற்குள் பந்து பின்னால் பிடிப்பவளின் கையுறைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். வட்டவளையிலிருந்து ஒரு குட்டி வருவாள், எங்களைவிட இரண்டு மூன்று வயது சின்னவள், எப்போதும் சுவிங்கம் மென்றுகொண்டு. அவள் இவளுடைய பந்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் ஓர் எட்டு வைப்பாள். பிறகு எங்களைப் பார்த்து “சொறி அக்கா” என்பாள். எதற்கு மன்னிப்பு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இவளுடைய பந்தை அடிக்கக்கூடிய ஒரே ஆள் நான். அதை ஒருவரும் பேச மாட்டார்கள். அதுதான் என் முழுக் கதையும்.

நான் கெம்பஸ் போனேன், அதாவது பல்கலைக்கழகம். லயத்தில் எனக்கு முன்னால் போனவர்களை விரல் விட்டு எண்ணலாம். திரும்பி வரும்போது மேளம் அடிப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை, ஆனால் யாராவது ஒருவராவது திரும்பிப் பார்க்கலாம் அல்லவா? முதல் லீவுக்கு வந்து பஸ்ஸில் இருந்து இறங்குகிறேன். அடுத்த லயத்து அக்கா ஒருத்தர் ஓடி வந்து என் கையைப் பிடிக்கிறார்.

“வந்துட்டியா? நல்லவேள. அந்தப் புள்ள ஃபோன்ல வந்துருக்காமே, பாத்தியா? ஒன் ஃபோன்ல காட்டேன்.”

‘அந்தப் புள்ள’ யாரென்று கேட்கவே தேவையில்லை. யாரோ அவள் வீசுவதை வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். பின்னால் ஒரு குத்துப்பாட்டு. அவள் கை சுற்றும் இடத்தில் மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள். நானும் அந்த வீடியோவில் இருந்தேன். மூலையில், பாதி மட்டை, ஒரு முழங்கை. என் முழங்கைக்கு ஒரு லைக்கும் இல்லை.

அதற்குப் பிறகு மஸ்கெலியா பஸ் டிரைவர் அவளைக் கண்டால் ஹோர்ன் அடித்து ஸ்லோ பண்ணுவார். அட்டனில் சப்பாத்துக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடும் ஒருத்தர், நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனதும் எழுந்தே நின்றுவிட்டார்.

“அந்தப் பந்து வீசுற புள்ளதானே நீங்க? வாங்க வாங்க, இருங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இவங்க யாரு? மெனேஜரா?”

அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. கடைக்குள் இருந்த சப்பாத்துகள் எல்லாம் சேர்ந்து சிரித்த மாதிரி இருந்தது.

“ஆமா நானா,” என்றாள். “ரொம்பக் கண்டிப்பான மெனேஜர். பேசாம இருங்க, கோவம் வந்தா கடிக்கும்.”

வீட்டில் அதைவிட மோசம். பாடசாலை முடிந்த பிறகும் சேர் விடாமல் நடத்திய பயிற்சிக்கு, லீவு நாட்களில் விடியற்காலையில் நாங்கள் போகும் முன் அம்மா ரொட்டி சுடுவார். சம்பலோடு. அவளும் வாசலில் வந்து நிற்பாள். பெரிய ரொட்டி அவளுக்குப் போகும்.

“அவளுக்கு எதுக்கும்மா பெருசு?”

“கை சுத்துறவ. பசிக்காதா?”

“நான் என்னா, மட்டைய வச்சு சாமியா கும்பிடுறேன்?”

“நீ படிக்கிறவ. ஒக்காந்த எடத்துல இருக்க. ஒனக்கு எதுக்கு அவ்வளவு?” என்றார் அம்மா. நான் கெம்பஸ் போனதன் நிகர லாபம் ரொட்டியில் கால்வாசி நட்டம்.

கெம்பஸில் நானும் சொஃப்ட்போல் அணியில் இருந்தேன். பெரிய அணி இல்லை, வீசுகிறவர்களும் அப்படி ஒன்றும் பயங்கரம் இல்லை. ஆனால் அங்கேதான் அந்தச் சங்கதி கண்ணில் பட்டது. வேறு ஒரு கெம்பஸோடு நடந்த ஆட்டத்தில் எங்கள் வீச்சாளர் கொஞ்சம் எகிறிவிட்டாள். உடனே அம்பயர் இடது கையை முஷ்டி பிடித்து நீட்டினார். “இல்லீகல் பிட்ச்.” அடிப்பவளுக்கு ஒரு ‘போல்’ இலவசம்; நாலு போல் சேர்ந்தால் அவள் அடிக்காமலே முதல் மூலைக்கு நடக்கலாம். எனக்குத் தலைக்குள் மணி அடித்தது. ரூல் புத்தகத்தை ஃபோனில் இறக்கி, அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்துப் படித்தேன். தட்டிலிருந்து கால் எகிறி, முன்னால் வேறு இடத்தில் ஊன்றி, அங்கிருந்து தள்ளி வீசக்கூடாது. காரணமும் நேராக விளங்கியது. அடிப்பவளுக்கு இருக்கும் நேரமே ஓர் இமைப்பொழுது. தூரத்தில் இரண்டு அடி திருடினால் அந்த இமைப்பொழுதிலிருந்துதான் திருடுகிறாய்.

எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பிறந்தநாளுக்குக்கூட அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

இரண்டு காரணத்துக்காகச் சந்தோஷப்பட்டேன். ஒன்று, வட்டவளைக் குட்டி மாதிரியானவர்கள் கண்ணை மூடிக்கொள்வதற்கு அவர்கள் பயந்தாங்கொள்ளிகளாக இருப்பது காரணம் இல்லை. அவர்களுக்குச் சேர வேண்டிய நேரம் அவர்களிடம் வந்து சேரவில்லை. இது நியாயம். மற்றக் காரணம், அவளுடைய சிரிப்பு ஒரு தடவையாவது நிற்க வேண்டும். இது பொறாமை. நியாயமும் பொறாமையும் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் வந்தால் நான் என்ன, ஒன்றை இறக்கிவிடவா முடியும்?

படிப்பு முடிந்து வேலைக்குக் காத்திருக்கும் காலத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. கொழும்பில் நடக்கும் பயிற்சி முகாமுக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒருத்தியை எடுக்கப்போகிறார்கள். ஒரே ஒருத்தி. அட்டன் மைதானத்தில் ஓர் ஆட்டம் வைத்து, கண்டியிலிருந்து வருகிறவர்கள் பார்த்துத் தெரிவு செய்வார்கள். சேர் சொல்லி முடிக்கும் முன்பே எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சேரும் அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன், அது வேறு விஷயம்.

எனக்கு அந்த இடம் வேண்டும். இதைவிட நேராக எப்படி எழுதுவது? கொழும்பில் ஒழுங்கான மைதானம், ஒழுங்கான வீச்சாளர்கள், பெயர் போட்ட பெனியன். பட்டம் சுவரில் தொங்கும், யாரும் கைதட்ட மாட்டார்கள். எனக்குக் கைதட்டு வேண்டும்.

முதலில் சேரிடம் போனேன்.

“சேர், அவ காலு இல்லீகல். ரூல்ல இருக்கு. காட்டவா?”

“தெரியும்மா.”

“தெரியுமா?”

“தெரியும். அவ காலைத் திருத்தப் போனா கையும் கெட்டுரும். விடு.”

“அப்ப அடிக்கிற புள்ளைங்க?”

“அதுக்குத்தான் அம்பயர் இருக்காங்க. அவங்க பாத்துக்குவாங்க.”

“இத்தன வருஷமா பாக்கலையே சேர்.”

“அதுக்கு நீ என்னா, அவங்களுக்குப் போட்ட கண்ணாடியா?” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

சரி, அவளிடமே சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தேன். முதுகுக்குப் பின்னால் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. மூஞ்சிக்கு நேரே பேசித்தான் அடி வாங்குவேன். பீலிக்கரையில் தண்ணீருக்கு வாளி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

“ஏய். நீ வீசுறது பிழைடி.”

“எது?”

“காலு. தட்டுல இருந்து எகிறி, முன்னால ஊனி, அங்கருந்து விடுற. ரூல் புத்தகத்துல அது இல்லீகல்.”

“எந்த ரூல்? கெம்பஸ் ரூலா?”

“ஒலகத்துக்கே ஒரே ரூல்தான்.”

“ஒலகத்துல கான் இல்லையா?” என்றாள். வாளி நிறைந்தது. எடுக்கவில்லை. “சரி, நீ என் பந்த அடிக்கிறதானே? ஒனக்கு எங்க நோகுது?”

“எனக்கு நோகல. மத்த புள்ளைங்களுக்குக் கண்ணே தெரியல.”

“ஓஹோ. மத்த புள்ளைங்களுக்காக நீ வக்கீலு.”

“ஆமா.”

“மூஞ்சிய தண்ணியில பாரு. வக்கீல் மூஞ்சியா அது? கொழுந்து கொறஞ்ச கங்காணி மூஞ்சி மாதிரி இருக்கு.” வாளியைத் தூக்கினாள். “அந்த எடம் ஒனக்கு வேணும். அதச் சொல்லிட்டுப் போ. சுத்தி வளைக்காத.”

“வேணுந்தான். அதுக்காக ரூலு பொய்யாகிருமா?”

அவள் தண்ணீரைச் சிந்திக்கொண்டே போனாள். நான் சரியாகத்தான் பேசினேன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் பேசியதுதான் நாள் முழுக்கக் காதில் நின்றது. பேச்சிலும் அவள்தான் கெட்டிக்காரி. பாருங்கள், அதிலும்.

தெரிவு நாளன்று அட்டனில் பனி மூடியிருந்தது. மைதானத்தின் அந்தப் பக்கம் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்ததும் ஆட்களை இரண்டாகப் பிரித்தார்கள். அவள் ஒரு பக்கம் வீசுகிறாள். நானும் வட்டவளைக் குட்டியும் எதிர்ப்பக்கம். அம்பயராக நின்றவர் கண்டியிலிருந்து வந்த ஒரு சிங்கள மிஸ். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் ஒரு சின்னத் தூரிகை; தட்டில் மண் பட்டால் குனிந்து துடைப்பதற்கு. எங்கள் ஆட்டத்துக்கு ஒருவர் தூரிகையோடு வந்தது அதுதான் முதல் தடவை. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது.

ஆட்டத்துக்கு முன் எல்லாரையும் சுற்றி நிற்கவைத்து, கேள்வி இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். எல்லாருக்கும் முன்னால்தான், அவளுக்கும் முன்னால்தான். வீசுகிறவருடைய பின்காலைப் பார்ப்பீர்களா என்று சிங்களத்திலேயே கேட்டேன்.

மிஸ் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். எங்களுக்குப் புரியட்டும் என்று தமிழில் பதில் சொன்னார்; தங்கச்சி மட்டும் சிங்களத்தில் வந்தது.

“நான் எப்பவும் கால் பாக்கிறது, நங்கி. அதுக்குத்தான் நான் வந்தது.”

சேர் வானத்தைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கோபமாக இல்லை. ஒரு மாதிரி, ‘அட, செஞ்சுட்டியா’ என்கிற மாதிரி.

முதல் பந்து. எகிறினாள், ஊன்றினாள், விட்டாள். மிஸ்ஸின் இடது கை முஷ்டியாக நீண்டது. “இல்லீகல் பிட்ச்.” இரண்டாவது. மறுபடியும் முஷ்டி. மூன்றாவதுக்கு அவள் காலை அடக்கப் பார்த்தாள். பந்து அடிப்பவளின் தலைக்கு மேல் பறந்தது. நாலாவதும் அதேதான். ஒருத்தி சும்மா நடந்தே முதல் மூலைக்குப் போனாள். அடுத்தவளும் நடந்தாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். ஐஸ்கிரீம் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

அவள் கொஞ்சம் அவகாசம் கேட்டாள். தட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு சப்பாத்து நுனியால் ஈர மண்ணில் ஒரு நீளக் கோடு கிழித்தாள். திரும்பத் திரும்பக் கிழித்தாள். அது ஒரு சால் மாதிரி ஆனது. பிறகு தட்டில் ஏறி, பந்து இல்லாமலே, பின்காலை அந்தச் சாலுக்குள் இழுத்து இழுத்துப் பார்த்தாள். மிஸ் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

அடுத்தது நான்.

அடுத்தது நான்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அவள் ஆடிப்போயிருக்கிறாள். வேகம் குறையப்போகிறது. அவளுடைய எகிறும் பந்தையே அடிக்கிறவள் நான். மேசையில் உட்கார்ந்திருக்கும் கண்டிக்காரர்கள் பேனாவோடு என்னைத்தான் பார்க்கிறார்கள். கொழும்பு மைதானத்துப் புல் எனக்கு மணத்தது.

அவள் கை சுற்றியது. கால் சாலுக்குள் உரசி வந்தது. நான் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். பந்து என்னைத் தாண்டிப் போய்க் கையுறையில் விழுந்தது.

“ஸ்ட்ரைக்.”

என்ன நடந்தது என்று எனக்கே விளங்கவில்லை. மட்டையை வீச உடம்பு எதற்காகவோ காத்திருந்தது, அது வரவில்லை. இரண்டாவது பந்துக்கு, சரி, காத்திருக்காதே என்று முடிவு செய்து வீசினேன். மட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி முடிந்த பிறகு பந்து ஆறுதலாக வந்து சேர்ந்தது.

“ஏய்!” அவள் அங்கிருந்து கத்தினாள். “பந்து இன்னும் கினிகத்தேனை டவுனுக்கே வரலடி! அதுக்குள்ள என்னா அவசரம்?”

எல்லாரும் சிரித்தார்கள். மேசையில் இருந்தவர்களும், தமிழ் தெரியாதவர்களும்கூட. மூன்றாவது பந்துக்கு முன்னால்தான் எனக்கு உறைத்தது. அந்த ‘டக்’. கானுக்கு இந்தப் பக்கம் அவளுடைய பின்கால் ஊன்றும் சத்தம். இத்தனை வருஷமும் அந்தச் சத்தம் கேட்டதும்தான் என் மட்டை கிளம்பியிருக்கிறது. என் கண் கூர்மை, என் கை வேகம் என்றெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்தது அவளுடைய சப்பாத்துச் சத்தம். அதை நானே மிஸ்ஸைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டேன்.

தெரிந்து என்ன? உடம்புக்குத் தெரியவில்லையே. மூன்றாவதுக்கும் வீசினேன். காற்றில்தான்.

திரும்பி நடக்கும்போது எதிரே வட்டவளைக் குட்டி மட்டையோடு வந்தாள். சுவிங்கம் வாயில். “சொறி அக்கா,” என்றாள். அவளுக்கு எந்தச் சத்தமும் பழக்கம் இல்லை. அவள் அதுவரை இந்தப் பந்தைக் கண்ணைத் திறந்து பார்த்ததே இல்லை. இன்றைக்குப் பார்த்தாள். பார்க்க நேரம் இருந்தது. முதல் பந்தை விட்டாள். இரண்டாவதை அடித்தாள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. பந்து இரண்டாம் மூலைக்கு மேலாகப் போய்ப் பனிக்குள் நுழைந்துவிட்டது. பிறகு வந்தபோதும் அடித்தாள். மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறபோதும் மென்றுகொண்டே ஓடினாள்.

அவளைத்தான் எடுத்தார்கள்.

நான் சொல்லிவிடுகிறேன்: ரூல் சரி. இன்றைக்கு மறுபடியும் கேட்டாலும் கையைத் தூக்குவேன். அடிப்பவளுக்குச் சேர வேண்டிய நேரம் சேர்ந்தது, ஒருத்தி அடித்தாள். ரூல் எழுதியவர்கள் இதைத்தான் நினைத்து எழுதியிருப்பார்கள். அந்த ஒருத்தி நானாக இருப்பேன் என்று நானாக நினைத்துக்கொண்டதற்கு ரூல் புத்தகம் என்ன செய்யும்? ஆனால் அந்தக் குட்டி மிஸ்ஸோடு நின்று படம் எடுத்தபோது, மிஸ் அவள் தோளில் கை போட்டபோது, என் வயிற்றுக்குள் ஒரு புது அடுப்பு பற்றியது. பழைய அடுப்பையும் அணைக்கவில்லை. இரண்டும் சேர்ந்து எரிந்தன.

பஸ்ஸில் அவள் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். வேறு சீட் இருந்தது. வட்டவளை தாண்டிப் போகும் பஸ் ஒன்று எங்களைக் கடந்து போனது. ஜன்னலில் அந்தக் குட்டி கையை ஆட்டினாள்.

“சுவிங்கம் மெல்லுற வாயப் பாரு,” என்றாள் இவள்.

“மாடு மாதிரி.”

“அந்தக் கையுறை ரோஸ் கலரு. பாத்தியா? ரோஸ் கலரு!”

“கொழும்புல சிரிப்பாங்க.”

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் நிம்மதியாக வயிறு எரிந்தோம். பிறகு அவள் சொன்னாள்:

“நான் இல்லாட்டி நீயாவது போயிருக்கலாம்னு நெனச்சேன்.”

“பொய்.”

“பொய்தான்.” ஜன்னல் கண்ணாடியில் விரலால் ஏதோ கிறுக்கினாள். “ஒன்னு தெரியுமா? இத்தன வருஷம் நீ என் பந்தையா அடிச்ச? என் காலைத்தானே அடிச்ச.”

அவளுக்கு அது முதல் பந்திலேயே விளங்கிவிட்டதாம். நான் நின்ற நிற்பைப் பார்த்ததும். எனக்கு மூன்று பந்து எடுத்தது, அவளுக்கு ஒன்று. நான் தூங்குவதுபோல நடித்தேன்.

லயத்துக்கு வந்து சேர்ந்ததும் அம்மா விஷயம் கேட்டு, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். “புள்ள காலு என்னா பாவம் பண்ணுச்சு? யாரு கண்ணு பட்டுச்சோ.” தேத்தண்ணியும் முதலில் அவளுக்கு. அவள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். யாருடைய கண் என்று சொல்லவில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லவில்லை.

அடுத்த வருஷமும் ஆள் எடுப்பார்களாம். அவள் கானுக்கு மேல் ஒரு பலகையைப் போட்டுவிட்டாள். கண்டாக்கையாவிடம் கேட்டே போட்டாள். அவர் ஆள் விட்டு ஆணியும் அடித்துக் கொடுத்தார். நான் கேட்டிருந்தால் ஆணி எங்கே என்று கேட்டிருப்பார். பின்கால் பலகையில் உரசி வருகிறது, சுத்தமாக, ரூல் புத்தகத்தில் படம் போட்ட மாதிரி. வேகம் பழையபடி திரும்பிக்கொண்டிருக்கிறது. நான் மடுவத்துத் தகரத்துக்கு முன்னால் மட்டையோடு நிற்கிறேன். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். அவளுடைய தோளைப் பார்க்கிறேன், மணிக்கட்டைப் பார்க்கிறேன். தேயிலைக்குள் இறங்க வேண்டிய தேவை இப்போது வருவதில்லை. எனக்கு அந்த அட்டைகூட வேண்டும் போல இருக்கிறது.

இன்று மாலை அவள் வீசிய பந்துகளில் ஒன்றுகூட என் மட்டையில் படவில்லை.